பிறத்தியார் கை

புனே
12 ஜூலை 2024

அக்சிலியா அத்தைக்கு,

போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்துகிறேன். அதனால் எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோதே கேட்டிருக்க வேண்டும். அப்பாயியை அடக்கத்துக்கு உடுத்தியிருந்தது படுமோசம். கொசுவம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. தலையில் ஈரம் காயவில்லை. வாய்க்கட்டைக் கடைசிவரை அவிழ்க்கவில்லை. நம் கோயில் பங்கிலும் அக்கம்பக்கத்திலும் எந்தப் பெண் செத்தாலும் முதலில் போய்க் குளிப்பாட்டி, உடுத்தி, தூங்குகிற மாதிரி கிடத்திவிட்டு வந்தவர் அவர். மதம் கூடப் பார்த்ததில்லை. அவருக்கு இந்த லட்சணத்தில் செய்தது யார்? பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள். தனியாக அங்கே என்ன செய்யப் போகிறீர்கள்? இருந்தால் அப்பாயி விட்ட வேலையை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கு அது தெரியும். சிறு வயதில் நான் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கிய அன்று விருந்துக்கு இலை போட்டபோது, ஒரு சாவு, சகாயம்மாள் வரணும் என்று எருமப்பட்டியிலிருந்து ஆள் வந்தார்கள். "இரு சாமி, வந்துர்றேன்" என்று போன அப்பாயி மறுநாள்தான் வந்தார். அம்மா அப்பா இல்லாத எனக்கு அவர்தான் எல்லாம். ஆனால் ஊருக்குப் போக மிச்சம்தான் எனக்குக் கிடைத்தது. எனக்கென்று இப்போது இருப்பது நீங்கள் மட்டும். டிக்கெட் போடவா?

ஜெர்ரி


மரியே வாழ்க

சேலம்
20 ஜூலை 2024

அன்புள்ள ஜெர்ரிக்கு,

உன் அத்தை எழுதுவது. முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பெயர் கேட்டாய். நான்தான் செய்தேன்.

பெற்ற பிள்ளை குளிப்பாட்டக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லும். கை நடுங்கும், கண்ணீர் உடம்பில் விழும், பிறத்தியார் கைதான் படணும் என்று. அதனால் அன்று நான் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். நம் தெருவின் அன்பியம் என்கிற கோயில் குழுப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். தண்ணீர் காய்ந்தது, சேலை எடுத்து வைத்தாயிற்று. ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஏன் என்று விளங்கவில்லை.

அப்போது எதிர்வீட்டு அத்தாயி உள்ளே வந்து, என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்கக்கா, இன்னும் சகாயம்மாளைக் கூப்பிடலீங்களா?"

கேட்டுவிட்டுத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது, அத்தனை பேரும் அம்மாவுக்காகத்தான் காத்திருந்தோம் என்று. வேறு யாரும் அந்த வேலையைப் பழகவே இல்லை. அம்மா இருக்கும்போது அதற்குத் தேவையும் வரவில்லை.

நான் எழுந்தேன். அத்தாயி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கை நடுங்கியது, கண்ணீரும் விழுந்தது. வாய்க்கட்டை அவிழ்த்தால் வாய் திறந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். உன் கண்ணில் பட்டதெல்லாம் நிஜம்தான்.

செவ்வாயன்று அத்தாயியின் மாமியார் பொன்னாயி தவறிப்போனது. அத்தாயி நம் வாசலில் வந்து நின்றாள். நானே கிளம்பிப் போனேன். பயந்துகொண்டுதான் போனேன், ஆனால் கை நடுங்கவில்லை. வாய்க்கட்டை எப்போது எடுக்க வேண்டும் என்றும் தெரிந்தது. அம்மாவுக்குச் செய்யும்போது தெரியாமல் போனதே என்று அங்கே நின்று அழுதேன். பொன்னாயிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

டிக்கெட் போடாதே சாமி. என்னால் வர முடியாது. இதை எழுதுவதற்குள் இரண்டு தாள் கிழித்துவிட்டேன். உனக்கு மிச்சம் வைப்பேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்புடன்
அக்சிலியா அத்தை


புனே
29 ஜூலை 2024

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டிக்கெட் போடவில்லை. இனி வரச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வயதாகிறது. உங்களுக்கு யார் செய்வார்கள்? முன்னின்று பார்க்க உங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் ஆண், போதாததற்குச் சொந்தம். அப்பாயி கணக்குப்படி என் கை படக் கூடாது. இதை யோசித்தால் வேலை ஓடவில்லை. யாரையாவது இப்போதே கூட அழைத்துப்போய்ப் பழக்குங்கள். அப்பாயி செய்யாமல் விட்டது இது ஒன்றுதான்.

ஜெர்ரி


மரியே வாழ்க

சேலம்
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜெர்ரிக்கு,

நீ கேட்டது நியாயம். அத்தாயியிடம் பேசினேன். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, மனசும் கெட்டி.

"செய்யறனுங்க. ஆனா நான் மொதல்ல போய்ட்டன்னா, நீங்கதான் வரோணும்" என்றாள்.

சரி என்றேன். யார் முந்துவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவில்லை.

ஆள் இருக்கிறது. இனி நீ நிம்மதியாக வேலையைப் பார்.

அக்சிலியா அத்தை