பலகை போன திசைக்கு எதிரே

விண்கப்பல், பயண நாள் 212. நான்காம் சரக்கறை, துப்புரவு.

14:05
பாதுகாப்புக் கயிற்றை மாட்டும் இடுப்புக் கொக்கியின் நாக்கு முழுதாக மூடவில்லை. நகக்கண் அளவு இடைவெளி.
இடப்பக்கச் சுவர் சுரண்டி முடிந்தது. வலப்பக்கம் ஒரு மூலை பாக்கி. அறையின் அகலம் நாற்பது மீட்டர். உள்ளே காற்று இல்லை. எஞ்சின் அணைந்திருப்பதால் எடையும் இல்லை. மூன்று மணிக்கு எஞ்சின் போடுவார்கள்.
கொக்கியைப் பற்றி மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். ரேடியோவில் சொன்னால் பதினோரு பேரும் கேட்பார்கள். போனதும் கூட வேலை செய்யும் பேச்சியக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

14:18
சுவரை உதைத்து வலப்பக்கம் தாவினேன். பாதி வழியில் கயிறு எங்கோ சிக்கியது. ரப்பர் கலந்த கயிறு. நீண்டு நீண்டு என் வேகத்தை எல்லாம் வாங்கிக்கொண்டது. நான் முழுதாக நின்ற கணத்தில் கொக்கி கழன்றது. கயிறு மட்டும் சுவருக்குத் திரும்பிப் போய்விட்டது.
நான் நடுவில் நிற்கிறேன். எந்தச் சுவரும் எட்டவில்லை.

14:23
கையைக் காலை வீசினேன். உடல் திரும்புகிறது, நகரவில்லை.
பத்தாம் வகுப்பில் இயக்க விதிகளில் முதல் விதி நடத்திய அன்றோடு பள்ளியை விட்டேன். நிற்கும் பொருள், எதுவும் தள்ளாதவரை, நின்றுகொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.
ரேடியோப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. ஏழு மாதமாக நான் அதை அழுத்தியதே இல்லை. எப்போது கெட்டதோ.

14:27
வருகை எடுத்தார்கள். கேட்டதை அப்படியே இடுப்புச் சங்கிலியில் தொங்கும் இந்தக் குறிப்புப் பலகையில் எழுதுகிறேன்.
மேஸ்திரி: "ஞானரூபி வந்துட்டாளா? ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?"
பேச்சியக்கா: "உள்ளதான் அண்ணாச்சி இருக்கா. அவ என்னைக்குப் பேசிருக்கா, இன்னைக்குப் பேச?"
எல்லோரும் சிரித்தார்கள்.
தினமும் எனக்காக அக்காதான் பதில் சொல்வார். அப்படிச் சொல்லச் சொன்னது நான். அவர்மேல் குற்றமில்லை.

14:30
எஞ்சின் போட்டால் கப்பல் முன்னே போகும். நான் போகமாட்டேன். எழுபது மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவர் என்மேல் வந்து மோதும். போன தடவை இங்கே மறந்துவிட்ட இரும்பு வாளி அப்பளம் போலக் கிடந்தது.
பக்கச் சுவரின் ஏணிப்படியைப் பிடித்துவிட்டால் போதும்.

14:31
ஆத்திரத்தில் சுரண்டியைத் தலைக்கு மேலிருந்து இடப்பக்கம் வீசினேன். அது அங்கே போனது. நான் பின்பக்கமாக மெல்லச் சுழல்கிறேன்.

14:40
சுழன்றுகொண்டே நகர்ந்திருக்கிறேன்! என் தலைவிளக்கின் வட்டம் முதலில் வலப்பக்கச் சுவரில் பத்து ஏணிப்படி அகலம் விழுந்தது. இப்போது எட்டு. கிட்டே போகப்போகச் சுருங்கும்.
நான் எதைத் தள்ளினாலும் அதுவும் என்னைத் தள்ளுகிறது. இதைப் பள்ளியில் அடுத்த நாள் நடத்தியிருப்பார்களோ என்னவோ.
தூரிகையை இடுப்புக்குக் கீழிருந்து அதே பக்கம் எறிந்தேன். சுழற்சி நின்றது.

14:50
ஐந்து படி. பத்து நிமிடத்துக்கு மூன்று படி போகிறேன். மூன்று மணிக்கு இன்னும் இரண்டு படி மிச்சமிருக்கும். போதாது போதாது
காற்றுக்குடுவை முதுகில் இருக்கிறது, கைக்கு எட்டாது. பையில் தேடினேன். ஒன்றுமில்லை. கத்தினேன். எனக்கு மட்டும்தான் கேட்டது.

14:51
மேஸ்திரி: "எல்லாரும் உள்ள இருக்கீய, பொறவு என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்? ரெண்டு நிமிசம் முன்னாலயே போட்டுருவோம்."
பேச்சியக்கா: "ரூபி, படுக்கையில பெல்ட்டப் போட்டுக்க. கேக்குதாட்டி?"
கேட்கிறது அக்கா.

14:52
என்னிடம் மிச்சமிருப்பது இந்தப் பலகைதான். சுரண்டியை விட இரண்டு மடங்கு கனம்.
இதை எடுப்பவருக்கு: என் பெயர் ஞானரூபி. இது இடப்பக்கச் சுவருக்குப் போகும். நீங்கள் எதிரே வலப்பக்கச் சுவரில், ஏணிப்படிகளில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பின்சுவர்.
கொக்கி பழுது. மற்றவர்களுடையதையும் பாருங்கள்.
பலகையின் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். இடப்பக்கம் திரும்பிவிட்டேன். எழுதுகோலையும் பலகையிலேயே செருகுகிறேன், அந்த எடையும் சேரட்டும்