மானுக்கு ஒரு பிடி அரிசி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

புரட்டாதியில், என்னோடு வேலை செய்யும் உவேயோடு சுவீடனுக்கு மூஸ் வேட்டைக்குப் போகிறேன். அது குதிரையிலும் பெரிய மான். வெளிநாட்டவருக்கான அனுமதி கிடைத்துவிட்டது.

பழகிக்கொள்ள நேற்று இங்கே காட்டுப்பன்றி சுட்டோம். குண்டுபட்ட பன்றி திரும்பி வந்து உவேயின் நாயின் வயிற்றைக் கிழித்துக் குடலை இழுத்தது. நான் கத்தியைப் பன்றியின் நெஞ்சில் பிடிவரை இறக்கி, துடிப்பு அடங்கும்வரை மேலேயே கிடந்தேன். எனக்குக் காயமில்லை, கோட்டுத்தான் கிழிந்தது.

செத்த பன்றியின் வாயில் உவே பச்சைக் கொப்பொன்றை வைத்தார். இங்கத்தைய வேட்டைக்காரரின் வழக்கம், செத்த மிருகத்துக்குக் கடைசிக் கவளமாம்.

“எங்கட ஆக்கள் செத்தவைக்கு வாய்க்கரிசி போடுவினம்” என்றேன்.

வேலைக்கு நேரமாகிறது. ஊர்ப் பச்சரிசி ஒரு பிடி அனுப்பிவிடுங்கோ. மானுக்குத்தான், வேறொன்றும் யோசிக்காதேங்கோ.

மகன்,
நிலக்சன்
வுப்பர்டால், ஜேர்மனி