கண்ணாடி போடாத படம்

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்தான், கோபம் மட்டும் அடங்கவில்லை.

நான் வேலை செய்யும் ஓட்டலின் வரவேற்பறைக்குத் திருமலையைக் கோவாஷ் வண்ணத்தில் வரைந்தேன். தண்ணீரைக் குறைவாகச் சேர்த்துப் பூசவேண்டிய கெட்டி வண்ணம் அது. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். "கண்ணாடி போட்டுட்டு பூஜை பண்ணுங்க சார்" என்று முதலாளியிடம் முந்தின நாளே சொன்னேன். அவர் கண்ணாடி போடாமலே பூஜை செய்து மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். மலை வழிந்து தரைக்கு வந்தது.

"டிகிரி படிச்ச பொண்ணாம், கலரு கூட நிக்கல பாரு" என்று எல்லார் எதிரிலும் சிரித்தார்.

நானும் சொல்லிவிட்டேன். "தண்ணி தெளிச்சது நீங்க சார்."

"எதிர்த்துப் பேசிக்கினு இருக்காத, வேற வரைஞ்சு குடும்மா."

தப்பு தன்னுடையது என்று அதே ஆட்கள் எதிரில் அவர் சொல்லும்வரை வரையமாட்டேன். ஈரத் துணியால் மூலையிலிருந்த என் பெயரை மட்டும் துடைத்துவிட்டு வந்தேன்.

வேலை போனால் வருத்தப்படாதீர்கள். பக்கத்து வீட்டுக் காஞ்சனா அக்கா இந்தப் பக்கம் வந்தால், தூரிகை துடைக்க உங்கள் பழைய வேட்டி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். கொடுத்ததும் கிளம்பிவிடாமல், கொஞ்ச நேரம் என்னோடு இருந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். டூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள், இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
தரணி