டப்பாவுக்குள் மாமாவின் சிரிப்பு

ஏங்க, எழுந்ததும் முதலில் இதைப் படியுங்கள். குளியலறை அலமாரியில் உள்ள நான்கு பிலிம் டப்பாக்களையும் திறந்துவிடாதீர்கள்.

காலையில் பாப்பாவின் தலைக்கு ரப்பர் பேண்ட் கிடைக்கவில்லை. பள்ளி வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது. ஒரு டப்பாவில் மாட்டியிருந்ததை உருவிக்கொண்டு, டப்பாவை மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் உறைத்தது. படம் எடுத்து முடித்த சுருளுக்கு அதுதானே அடையாளம்! இப்போது நான்கும் ஒரே மாதிரி இருக்கின்றன. திறந்து பார்த்தால் வெளிச்சம் பட்டுப் போய்விடும்.

மற்ற மூன்றும், காசு மிச்சமாகும் என்று பெரிய சுருளை வாங்கி, நேற்று குளியலறை இருட்டில் வியர்க்க வியர்க்க நீங்கள் பிரித்துச் சுற்றிய புதுச் சுருள்கள். "உள்ளே குடித்தனமா நடத்துறீங்க?" என்று கதவைத் தட்டிக் கத்தியவளும் நான்தான்.

நான்கையும் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிடுங்கள். மூன்று வீணானாலும் பரவாயில்லை. எடுத்ததில் இருப்பது உங்கள் அப்பா சிரித்தது. அந்த மனுஷன் இன்னொரு தடவை சிரிப்பார் என்று நம்பி உட்கார முடியுமா?

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மதியம் மாமாவும் வருகிறார்.

பி.கு.: நான் செய்ததை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கேட்டால் நிச்சயம் சிரித்துவிடுவார். கேமராவில் போடத்தான் சுருள் இல்லை.