ஆள் வைத்துப் பூசிய திருநீறு

அண்ணே,

இன்று காலை உங்கள் சக்கர நாற்காலி என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. "காரைக்குடி வீட்டுல குடுத்துவிட்டாக. சும்மா கெடக்குறதுக்கு உங்களுக்காவது ஆகட்டும்னாக" என்றார் வண்டிக்காரர். நான் நடந்துபோய்க் கதவைத் திறந்துதான் இதைக் கேட்டேன். இடது காலை இழுத்து இழுத்தாவது சிங்கம்புணரி கடைவீதிக்குப் போய்க் கீரை வாங்கி வருகிறவனுக்கு நாற்காலி அனுப்பியிருக்கிறார் உங்கள் மைத்துனர். பக்கவாதம் வந்தவன் என்றால் அவருக்கு எல்லோரும் ஒரே கணக்குதான்.

இருக்கையில் உங்கள் பவுடர் வாசம் இன்னும் இருந்தது. அதற்காகக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். பிறகு திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் விழுந்தவர்கள். நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது இடப்பக்கம் போனது. உங்களுக்கு வலப்பக்கம், கூடவே பேச்சும் குழறிப்போனது. ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கொண்டு ஒரு கடையே போட்டிருக்கலாம். "கைகால அசைக்க விடாதீக, நரம்பு அசந்துரும்" என்று ஓர் அறிவாளி உங்கள் வீட்டாருக்கு உபதேசம் செய்தார். பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்ததால் அதையும் எல்லோரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. பயிற்சி அறையில் முதல் நாள், கையைத் தூக்கச் சொன்ன பெண்ணிடம், "இத ஆள வச்சுச் செஞ்சுக்கிறலாமா?" என்று குழறிக் குழறிக் கேட்டீர்கள். பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆள் இருந்த உடம்பு. அந்தப் பெண் அசரவில்லை. "சாப்பாட்டையும் அவுகளையே சாப்பிடச் சொல்லிருவோமா ஐயா?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கோணிய வாயால் நீங்களும் சிரித்தீர்கள். அன்றிலிருந்துதான் நாம் சிநேகிதர்கள்.

உங்கள் மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐந்து மாதம் இருந்தது. "மத்ததெல்லாம் எவனும் செய்யட்டும் கண்டக்டரே. பிள்ளை விழுந்து கும்பிடுறப்ப இந்தக் கையாலதான் துன்னூறு பூசணும்" என்று திக்கித் திக்கிச் சொன்னீர்கள். இடக்கையால் பூசுகிற வழக்கம் இல்லை. வலக்கையோ மடியில் கட்டை போலக் கிடந்தது.

அந்தப் பெண் பயிற்சியையே மாற்றினாள். தட்டில் பவுடர், எதிரே என் நெற்றி. வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றுவிட்டு ஒரு நாள் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இரண்டு மாதம் கழித்து உங்கள் விரல் பவுடரைத் தொட்டது. அப்புறம் என் தாடையில் பூசினீர்கள், மூக்கில் பூசினீர்கள், ஒரு நாள் கண்ணிலேயே குத்திவிட்டு அரை மணி நேரம் வருத்தப்பட்டீர்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நெற்றியில் நேராக விழுந்தது. அரை நிமிடம் ஆயிற்று, கை நடுங்கியது. ஆனாலும் யாரும் பிடிக்காமல் நீங்களே பூசினீர்கள்.

"அண்ணைக்கு எம் பக்கத்துலயே நில்லு" என்றீர்கள். நின்றேன். உங்கள் பெரிய வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். மூன்று கேமரா. பொண்ணும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிட்டு, குனிந்த தலையோடு உங்கள் முன்னால் மண்டியிட்டிருந்தார்கள். உங்கள் கை மடியிலிருந்து கிளம்பி வெள்ளிக் கிண்ணத்துக்குப் போனது. மூன்று விரலில் திருநீறு ஏறியது. கை மார்பு வரை வந்துவிட்டது.

"நேரமாகுதுல்ல. பிடிச்சுத் தூக்கிவிடப்பா" என்றார் மைத்துனர். உங்களைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆள் முழங்கையைப் பிடித்துத் தூக்கி, பத்திரத்துக்கு முத்திரை குத்துவது போல உங்கள் மகள் நெற்றியில் ஒற்றி, கையைத் திரும்ப மடியில் வைத்துவிட்டார். நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். "அவுக சந்தோசப்படுறாக" என்று மைத்துனரே அதற்கு அர்த்தமும் சொன்னார்.

இலைக்கு இத்தனை பலகாரம் என்று காலையிலிருந்து பெருமையடித்த மகாசபை அது. பெண்ணைப் பெற்றவருக்கு அரை நிமிடம் கொடுக்க அங்கே ஒருவருக்கும் மனமில்லை.

அதன் பிறகு நீங்கள் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து கூப்பிட்டபோது, "எதுக்குக் கண்டக்டரே, அதான் ஆளு இருக்காருல்ல" என்றீர்கள். ஒளிப்பானேன், அன்றைக்கு உங்கள் மீதும் எனக்கு இளக்காரம்தான் வந்தது. எழுந்து நிற்கப் போகிற மனுஷன் ஒரு மைத்துனருக்காகப் பத்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்களே என்று எரிச்சல் வந்தது. கை மறுபடி மடியிலேயே சுருண்டுகொண்டது. போன மாதம் நீங்களும் போய்விட்டீர்கள்.

கேதத்துக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல், "ராசா மாதிரில வச்சிருந்தாக" என்று மைத்துனரிடம் சொன்னார்கள். அவரும் தலையசைத்து வாங்கிக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உங்கள் மகள் பின்னாலேயே வந்தாள்.

"மாமா, அண்ணைக்கு நான் குனிஞ்சிருந்ததுல ஒண்ணும் பாக்கலை. பெறகு வீடியோவுலதான் பாத்தேன். அப்பச்சி கை தானாத்தான மேல வந்துச்சு?"

"ஆமாத்தா."

"விட்டிருந்தா நெத்தி வரைக்கும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தி ஒரு வாரமா வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவள், "அப்பச்சிக்குத்தான் சட்டுனு பேச்சு வராது. நீங்க பக்கத்துலதான மாமா நின்னீக?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கக் கத்திப் பழகிய தொண்டை, அண்ணே, எனக்கு. பக்கவாதம் அதைத் தொடவில்லை. அன்று பட்டு வேட்டிகளையும் கூட்டத்தையும் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போதும் தினமும் காலையில் கைகாலுக்குப் பயிற்சி செய்கிறேன். அது முடிந்ததும், "கொஞ்சம் பொறுங்க, அவுகளே பூசுவாக" என்று ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். சிக்காமல், தெளிவாகத்தான் வருகிறது.