அண்டா தேய்க்கிற ஆள்

மார்ச் 4, செவ்வாய்

சர்வர் அறையில் ஏசி மறுபடியும் ஒழுகுகிறது. அடியில் பச்சை பக்கெட்டை வைத்தேன். கம்பெனியின் மொத்த ஃபைலும் இருக்கிற மெஷினுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது அந்த பக்கெட்டும் நானும்தான். மேனேஜர் கதவைத் திறந்து, குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தப் போறோம். அது என்னன்னு எல்லாருக்கும் புரியிற மாதிரி நீ சொல்லிடும்மா."

நான்தானா கிடைத்தேன்?

மார்ச் 6

நல்ல தமிழில் நோட்டீஸ் எழுதி ஒட்டினேன்: 'விரைவில் நம் அலுவலகம் முழுவதும் மேகம்!' கணக்குப் பிரிவுப் பெரியவர் ஓரமாகக் கூப்பிட்டார். "அந்தக் காலத்துல மேகம்னா வேற வியாதிம்மா. வெளியில சொல்ல முடியாத வியாதி. மொதல்ல அதைக் கிழி."

கிழித்தேன். இனிமேல் கிளவுட்தான்.

மார்ச் 10

இன்று கூட்டம். இப்படிச் சொன்னேன்: "வீட்டு விசேஷத்துக்கு அண்டா விலைக்கா வாங்குறோம்? வாடகைக்கு எடுக்கிறோம். ஆள் கூடினா இன்னொரு அண்டா. வேலை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடுவோம். ஓட்டையானா கடைக்காரர் பாடு. கிளவுடும் அதேதான். வானத்துல ஒண்ணும் இல்லை. யாரோ ஒருத்தரோட கட்டடத்துல பெரிய பெரிய மெஷின் இருக்கு. நெட் வழியா அதை நாம வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான்."

பெரியவர்கூடத் தலையாட்டினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது மேனேஜர் கேட்டார்: "அப்போ அண்டா தேய்க்கிற ஆளு நமக்கு எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்த ஆள் யார் என்று உறைத்தது.

மார்ச் 11

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கொஞ்சம் புரியாத மாதிரி சொல்லியிருக்கலாமே" என்றார்.

பயமாக இருக்கிறது. அந்த ஒரு அறையைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல — பெரிசா அண்டா, குண்டான்னு...

ஏப்ரல் 2

ஃபைல்களை கிளவுடுக்கு ஏற்றுகிற வேலையும் என் தலையில்தான். என் வேலையை நானே மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பொறுப்பாக வேறு செய்கிறேன்.

ஏப்ரல் 30

கடைசி மெஷினை அணைத்தேன். விசிறிச் சத்தம் நின்றதும் அழுகை வந்துவிட்டது. மேனேஜர் சால்வை போடாத குறையாகப் பேசினார். "உன்னை மறக்கவே மாட்டோம்மா." பேக்கப் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

பக்கெட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 17

வேலை கிடைத்துவிட்டது! பழைய கம்பெனியின் ஃபைலெல்லாம் போய்ச் சேர்ந்ததே, அதே இடத்தில். ஜன்னலே இல்லாத கட்டடம், வரிசை வரிசையாக மெஷின், பழகிய குளிர். சாயங்காலம் வெளியே வந்தால் தரையெல்லாம் ஈரம். நாளெல்லாம் கிளவுடுக்குள் இருந்தவளுக்கு மழை பெய்ததே தெரியவில்லை.

ஜூலை 8

மதியம் ஒரு போன். ஃபைல் எதுவும் திறக்கவில்லையாம், ஒரே சத்தம். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பழைய மேனேஜர். அவருக்குத் தெரியவில்லை.

"இதோ பாரும்மா, உனக்குப் புரியிற மாதிரி சொல்றேன். இது அண்டா வாடகைக்கு எடுக்கிற மாதிரி. ஓட்டையானா கடைக்காரர் பாடு. இப்போ எங்க அண்டா எங்கே?"

"இங்கேதான் சார் இருக்கு. தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

மெதுவாக, "நீங்களா?" என்றார்.

அந்த 'ங்க'வை இத்தனை வருஷம் எங்கே சேமித்து வைத்திருந்தாரோ.