மாத்து ஆள்

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். நான் நலம். உங்களுக்குச் சர்க்கரை இறங்கியதா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் ஸ்பீக்கரில் வீடே கேட்கும். அதனால் ஊருக்கு வரும் சைபுல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை லீவில் அறை நண்பர்கள் சைபுல்லா, தியாகுவோடு இந்தத் துறைமுக ஊரை நடந்தே சுற்றினேன். மீன் மார்க்கெட்டில் தியாகு, "பூம்புகார்ல கூட இவ்வளவு நாத்தம் இல்லடா" என்றான். சிரித்துக்கொண்டே போனோம். துறைமுகத்தின் கடைசியில் துருப்பிடித்த சரக்குக் கப்பல் ஒன்று நின்றது. எங்கள் பேச்சைக் கேட்டு மேலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, எந்த ஊரு?"

"மாயவரம்ண்ணே."

"நான் தரங்கம்பாடி. குடிக்கத் தண்ணி இருந்தா வீசுப்பா."

பாட்டிலை வீசினோம். ஒரு வருஷமாகச் சம்பளம் இல்லையாம். பதிலுக்கு ஒரு மாத்து ஆள் ஏறாமல் யாரையும் இறங்க விடமாட்டார்களாம்.

"உங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அடுத்த வாரம் வர்றானாம். அவன் ஏறிட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

கப்பலின் பெயரை அண்ணாந்து படித்தேன். தம்பி ஆஸிம், தான் வேலைக்கு ஏறப்போகும் கப்பல் என்று போனில் பெருமையாகச் சொன்ன அதே பெயர்.

இல்லாத வீட்டுப் பிள்ளையை இறக்க இன்னொரு இல்லாத வீட்டுப் பிள்ளையை ஏற்றுகிறார்கள். இதற்குப் பெயர் வேலைவாய்ப்பு.

தம்பியை அனுப்பாதீர்கள் அத்தா. ஏஜெண்டிடமிருந்து அவன் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுங்கள். அம்மாவிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லுங்கள். சைபுல்லாவிடம் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுங்கள், இங்கே சோறு இறங்கவில்லை.

சைபுல்லா கிளம்பிவிட்டான், முடிக்கிறேன். நாளைக்குத் தண்ணீர் கொண்டுபோனால், பையன் எப்போது வருகிறான் என்று அந்த அண்ணன் கேட்பார். நான் என்ன சொல்ல?

உங்கள் மகன்
நவ்ஃபல்